இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே

மலைச்சாமி தன் ஆயுளில் முதன்முதலாக வாசித்து முடித்த புத்தகத்தில் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. துப்பறியும் நாவல். ஒரு பங்களாவில் மூன்று பேர் அடுத்தடுத்துக் கழுத்தறுபட்டுக் கிடக்கிறார்கள். கொன்றவன் யார் என்று எல்லாரையும் ஹாலில் உட்காரவைத்து இன்ஸ்பெக்டர் சொல்லப்போகிற இடத்தில் அட்டை வந்துவிட்டது. அட்டையைத் திருப்பிப் பார்த்தான். ரேக்கில் உதிர்ந்து கிடக்கிறதா என்று தேடினான். ஆத்திரத்தில் புத்தகத்தை மேஜைமேல் அடித்த அடியில், பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலைந்து பேர் தலை தூக்கினார்கள். அப்போது அவனுக்கு வயது நாற்பத்தொன்று. கொலை முயற்சிக் கேஸில் ஜாமீனில் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

ஊர் கூமாப்பட்டி. மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் தென்னை, வரப்போரம் பத்து மாமரம். கிணறு மட்டும் பங்குக் கிணறு. அவனுக்கும் பெரியப்பா மகன் பாண்டிதுரைக்கும் நாள் வைத்து முறை. புதன்கிழமை மலைச்சாமியுடையது. அந்தப் புதன்கிழமை அவன் தோப்புக்குப் போனபோது தண்ணீர் பாண்டிதுரையின் கன்றுகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேற்று கரண்ட் இல்லை, அதனால் இன்றைக்குப் பாதி நாளை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார் பாண்டிதுரை. இருபது வருஷம் பட்டாளத்தில் இருந்து வந்தவர். கேட்கிற பழக்கம் போய்ச் சொல்கிற பழக்கம் வந்திருந்தது. பேச்சு தடித்தது. கையிலிருந்த மம்பட்டியை வரப்பில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்து, இந்தக் கிணற்றில் உன் அப்பனுக்குப் பங்கு கிடைத்ததே என் அப்பன் போட்ட பிச்சை என்றார். மலைச்சாமி காய்ந்த மட்டை வெட்டிக்கொண்டிருந்தவன். அரிவாள் கையில் இருந்தது.

முதல் வெட்டுக்குப் பாண்டிதுரை வலது கையைத் தூக்கினார். நடுவிரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. இரண்டாவது வெட்டு மணிக்கட்டுக்கு மேலே இறங்கி எலும்பில் போய் நின்றது. இழுத்துத்தான் உருவ வேண்டியிருந்தது. மூன்றாவதாக ஓங்கும்போது வாய்க்கால் சகதியில் கால் வழுக்கி மலைச்சாமி குப்புற விழுந்தான். எழுந்து பார்த்தால் பாண்டிதுரை ஓடவும் இல்லை, அலறவும் இல்லை. வாய்க்கால் ஓரம் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் புல்லை விலக்கி விலக்கி விரல்களைத் தேடிக்கொண்டிருந்தார். தண்ணீர் கொஞ்ச தூரம் சிவப்பாக ஓடி, அப்புறம் தெளிந்தது. மலைச்சாமி அரிவாளைப் போட்டுவிட்டு நடந்தே ஸ்டேஷனுக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

மதுரை ஜெயிலில் அறுபத்தெட்டு நாள். ஜாமீனோடு நிபந்தனையும் வந்தது. ஊர்ப்பக்கம் தலைவைக்கக் கூடாது. ராஜபாளையத்தில் தங்கி, காலை பத்தரைக்கும் மாலை ஐந்தரைக்கும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரே மாதத்தில் தளர்த்தி வாங்கிவிடலாம் என்றார் வக்கீல் ஆவுடையப்பன். ஊரில் இரண்டு தரப்பும் கம்பும் கத்தியுமாக முறைத்துக்கொண்டு நிற்பதாகப் போலீஸ் சொல்லிச் சொல்லி, அது வருஷம் முழுக்க இழுத்தது.

மச்சினன் கருத்தையா பஞ்சாலையில் வேலை பார்ப்பவன். அவன் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் மலைச்சாமி ஒண்டிக்கொண்டான். வைகாசி வெயிலில் பதினொரு மணிக்கெல்லாம் அந்த அறை சுண்ணாம்புக் காளவாய் ஆகிவிடும். இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவில் ஏழு மணி நேரம் கிடந்தது. அந்த நேரத்துக்குள் வந்துபோகிற வேலைக்கு எவனும் ஆள் எடுக்கவில்லை. ஸ்டேஷனிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கிளை நூலகம் இருந்தது. உள்ளே நான்கு ஃபேன் ஓடியது. அவன் போனது காற்றுக்காகத்தான்.

முதலில் பேப்பர்தான் பார்த்தான். அதிலும் வெட்டுக்குத்துச் செய்தி மட்டும். ஒருநாள் பேப்பர் எதுவும் கைக்குச் சிக்காமல், சும்மா உட்கார்ந்தால் எழுப்பிவிடுவார்களோ என்று கையில் எடுத்ததுதான் அந்தக் கடைசிப் பக்கம் இல்லாத நாவல். பத்தாவது பெயிலானவன். விரல் வைத்து, உதடு அசைய வாசித்தான். ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் ஆனது. ஆனி பிறப்பதற்குள் இரண்டு நிமிஷமாகக் குறைந்தது. அந்த ரேக்கிலிருந்த துப்பறியும் கதை முப்பத்துநாலையும் முடித்தான். கொன்றவன் எங்கே கோட்டைவிட்டான் என்று பார்ப்பதில் அவனுக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. இவன் கையுறையைக் கழற்றியிருக்கக் கூடாது, அவன் டிரைவரை உயிரோடு விட்டிருக்கக் கூடாது என்று மனசுக்குள் திருத்தம் போட்டான். ஒரே ஒரு விஷயம்தான் அவனுக்கு ஒட்டவில்லை. அந்தக் கதைகளில் வெட்டுப்பட்டவன் ஒரு வரியில் செத்துப்போனான். 'சரிந்தான்' என்று எழுதி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டார்கள். யாரும் புல்லை விலக்கித் தேடவில்லை. எழுதினவன் ஒருத்தனும் வெட்டிப் பார்த்ததில்லை என்று மலைச்சாமி தீர்மானித்துக்கொண்டான். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

ஆடி மாதம் சரித்திர நாவல் பக்கம் போனான். தலையணை தலையணையாக இருந்தன. யானைகள் கோட்டைக் கதவை முட்டின. ஆயிரம் தலை உருண்டது, அகழித் தண்ணீர் ரத்தமானது, தளபதி மார்பில் தைத்த வேலைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தான். அதையெல்லாம் வாசிக்க வாசிக்க மலைச்சாமிக்கு நெஞ்சு விரிந்தது. கூமாப்பட்டித் தோப்பில் தான் செய்ததும் அந்த வரிசையில் ஒன்று என்று தோன்ற ஆரம்பித்தது. மானத்துக்குத்தானே வெட்டினேன், அப்பனைச் சொன்னால் எவன் பொறுப்பான் என்று, கையெழுத்துப் போடப் போகிற வழியில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனான். நடையே மாறிவிட்டதாகக் கருத்தையா தன் பொண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் கௌதம்ராஜிடமிருந்து போன் வந்தது. பாண்டிதுரையின் ஒரே மகன். இருபத்துநாலு வயது. கோயம்புத்தூரில் வேலை. சின்ன வயதில் மலைச்சாமியின் தோளில் உட்கார்ந்து திருவிழாப் பார்த்தவன்.

"சித்தப்பா, எங்கப்பா இன்னிக்கு சோத்தப் பெசையத் தெரியாம தட்டத் தூக்கி எறிஞ்சிட்டாரு. நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியும்" என்றான். போனை வைத்துவிட்டான்.

மறுநாளே மலைச்சாமி ஒரு பட்டறையில் போய்ப் புது அரிவாள் வாங்கினான். ஜாமீனில் இருப்பவன் அதை வைத்திருந்தது தெரிந்தால் அன்றைக்கே உள்ளே தள்ளிவிடுவார்கள். ஆனாலும் ஒரு துணிப்பையில் பழைய துண்டு சுற்றி வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனான். பையைக் காலடியில் வைத்துக்கொண்டு போர்க்களம் வாசித்தான். பத்து நாள் ஓடியது.

நூலகர் மகாலட்சுமி முப்பத்தைந்து வயதுக்காரர். போனில் அம்மாவிடம் தெலுங்கிலும் வருகிறவர்களிடம் தமிழிலும் பேசுவார். இரண்டிலும் அதிகம் பேச மாட்டார். எடுத்த புத்தகத்தை எடுத்த ரேக்கிலேயே வையுங்கள் என்பதைத் தவிர மலைச்சாமியிடம் அவர் பேசியது கிடையாது. ஒரு போலீஸ்காரர் பேப்பர் பார்க்க வந்தபோது, இந்த ஆள் யார் தெரியுமா என்று அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குப் பிறகும் மகாலட்சுமி ஒன்றும் கேட்கவில்லை. பதினோராம் நாள் மேஜைக்கடியில் விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தவர், பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மரப்பிடியைப் பார்த்தார். நிமிர்ந்து, பக்கத்து ஆளுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"அண்ணே, இங்க காலேஜ் பிள்ளைக வருது. பரீட்சைக்குப் படிக்குது. நீங்க வரலாம். அது வரக்கூடாது."

"என்னயக் கொல்ல ஆள் வருதும்மா."

"அப்ப ஸ்டேஷன்ல சொல்லுங்க. இல்ல, ரூமுக்குள்ள கதவப் பூட்டிட்டு இருங்க. இதோட உள்ள வந்தா நானே போன் பண்ணிருவேன்."

அவர் சொன்னதிலிருந்து இறங்கவில்லை. மலைச்சாமிக்கு முகம் சூடானது. ஒரு பெண்பிள்ளை தன்னைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டாளே என்று கை பரபரத்தது. பையை எடுத்துக்கொண்டு வெளியேறி மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. நாலாம் நாள் அறையின் அனல் தாங்காமல் வெறுங்கையோடு போனான். அரிவாள் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.

சரித்திரத்துக்குப் பிறகு அவன் கைபோன போக்கில் எடுத்தான். பேய்க்கதைகளுக்குச் சிரிப்பு வந்தது. கவிதைப் புத்தகம் ஒன்று பாதிப் பக்கம் வெள்ளையாக இருந்ததைப் பார்த்து, இதற்கா இத்தனை காகிதம் என்று வைத்துவிட்டான். புரட்டாசியில், பெண்கள் விரும்பிப் படிக்கிற குடும்ப நாவல் ஒன்று கிடைத்தது. மாமியார் கொடுமை, நாத்தனார் சூழ்ச்சி என்று ஓடியது. மூன்றாம் அத்தியாயத்தில் புருஷன் பொண்டாட்டியைக் கன்னத்தில் அறைகிறான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பி போடப் போகிறாள். அந்த இடத்தில் மலைச்சாமி நிறுத்திவிட்டான்.

அவன் பொண்டாட்டி மாரீஸ்வரிக்குக் கல்யாணமான மூன்றாம் வருஷம் அவன் கையால் ஓர் அறை விழுந்தது. எதற்கென்றுகூட இப்போது நினைவில்லை. ஏதோ ஒரு மாட்டைக் கட்டாமல் விட்டதற்கு. அடுத்த ஒரு வாரம் இடது காதில் சீழ் வந்தது. அப்புறம் அந்தக் காதில் கேட்பதே இல்லை. பதினைந்து வருஷமாக அவள் பஸ்ஸில் எப்போதும் அவனுக்கு இடப்பக்கம் உட்காருவதும், அடுப்படியில் கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பார்ப்பதும் அவனுக்குப் பழகிப்போயிருந்தது. ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கதையில் அவள் காப்பி போட்டுக் கொண்டுவந்துவிட்டாள். இங்கே சீழ் துடைத்த துணி எங்கே போனது என்று அவனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாரீஸ்வரி தூக்குவாளியில் சோறு கொண்டுவருவாள். அந்த ஞாயிறு அவள் சோற்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் காது எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பதினஞ்சு வருசங் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுதாக்கும்" என்றாள். "சாப்பிடுங்க. எனக்கு ரெண்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும்."

அவ்வளவுதான். அவன் சாப்பிட்டான். அவள் போனாள்.

அதிலிருந்து வாசிப்பது அவனுக்குப் பழைய மாதிரி சுகமாக இல்லை. எங்கே எடுத்தாலும் எதிலோ போய் இடித்தது. சமையல் புத்தகத்தில் 'எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டவும்' என்ற வரியோடு மூடி வைத்துவிட்டான். உலக யுத்தத்தைப் பற்றிய ஒரு கனத்த புத்தகத்தில், குண்டுபட்டுக் குடல் வெளியே வந்த சிப்பாய் ஒருவன் அதைத் திரும்ப உள்ளே தள்ளிக்கொண்டே பக்கத்தில் கிடந்தவனிடம் மணி என்ன என்று கேட்டதாக எழுதியிருந்தது. இதை எழுதியவன் பார்த்தவன் என்று மலைச்சாமிக்கு உடனே தெரிந்துவிட்டது. தமிழில் இருந்த ஒரு சட்டப் புத்தகத்தில் தன் கேஸுக்கு உரிய பிரிவைத் தேடிப் பிடித்தான். உயிரைப் போக்கும் உட்கருத்தோடு செய்தானா என்பதுதான் கேள்வி என்றிருந்தது. அந்த ஒரு பக்கத்தை நாலு தடவை வாசித்தான்.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அகலமான படப் புத்தகம் ஒன்றை எடுத்தான். மனித உடம்பைப் பற்றியது. முதலுதவிக் குறிப்புகளும் இருந்தன. நடுவில் இரண்டு பக்கத்துக்கும் விரிந்து ஒரு வலது கை. தோலை உரித்த கை. எலும்பு வெள்ளையாக, நரம்பு மஞ்சளாக, ரத்தக் குழாய் சிவப்பும் நீலமுமாக. ஒரு கையில் இருபத்தேழு எலும்பு என்றிருந்தது. விரலை மடக்குகிற கயிறு விரலில் இல்லையாம். முழங்கை வரைக்கும் ஓடுகிறதாம். அறுந்தால் ரப்பர் மாதிரிச் சுருண்டு கைக்குள்ளேயே ஏறிக்கொள்ளுமாம். டாக்டர் அதைக் கீறித் தேடி எடுக்க வேண்டுமாம். பாண்டிதுரைக்கு மணிக்கட்டில்தான் வெட்டு, முழங்கை வரைக்கும் எதற்குக் கிழித்துத் தையல் போட்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டது அவன் காதுக்கும் வந்திருந்தது. இப்போது விளங்கியது. தன் வலது கையைப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தான். அளவு சரியாக இருந்தது. தன் இரண்டாவது வெட்டு எங்கே விழுந்தது, எதையெதை அறுத்தது என்று ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. எண்ணி முடித்ததும் புத்தகத்தை மூடி, எடுத்த ரேக்கிலேயே வைத்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டேஷனில் கையெழுத்துக் கோணலாக விழுந்தது. ரைட்டர் நிமிர்ந்து பார்த்து, குடித்திருக்கிறாயா என்று கேட்டார்.

கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. வராந்தாவில் பாண்டிதுரை நின்றுகொண்டிருந்தார். வேட்டி கட்டுவதை விட்டு எலாஸ்டிக் வைத்த பேன்ட்டுக்கு மாறியிருந்தார். வலது கை பைக்குள் இருந்தது. ஏதோ காகிதத்தில் அடையாளம் கேட்டார்கள். கையெழுத்துக்குப் பதில் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். பட்டாளத்தில் அத்தனை பேருக்கும் லெட்டர் எழுதிக்கொடுத்த ஆள் என்று ஊரில் பேர்பெற்ற கையெழுத்து அவருடையது. மலைச்சாமி சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

ஆவுடையப்பன் உற்சாகமாக இருந்தார். பாண்டிதுரைதான் மம்பட்டியை ஓங்கிக்கொண்டு வந்தார், உயிருக்குப் பயந்து இவன் வீசியதில் கையில் பட்டுவிட்டது என்று கேஸை நிறுத்திவிடலாம் என்றார். மம்பட்டி அங்கே கிடந்ததைப் போலீஸே எழுதியிருக்கிறது. பார்த்த சாட்சி கிடையாது. மலைச்சாமி தலையை ஆட்டினான். வெளியில் இருக்க வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தான்.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. மலைச்சாமி, வடக்கே பனிமலைக்கு நடந்தே போன ஒருவரின் பயணப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆறேழு பேர் இருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சித்தப்பா."

முதுகில் வெட்டினான் என்ற பேர் வரக்கூடாது என்றுதான் கௌதம்ராஜ் கூப்பிட்டிருக்கிறான். மலைச்சாமி திரும்பியதும் அரிவாள் இறங்கியது. கழுத்துக்கு வந்தது தோளில் விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தான். அடுத்த வெட்டு விலாவைக் கிழித்துக்கொண்டு போனது. பிள்ளைகள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மகாலட்சுமி மேஜைக்குப் பின்னால் நின்றபடி தெலுங்கில் கத்திக்கொண்டே போனில் நம்பரை அமுக்கினார். மலைச்சாமி காலால் எட்டி உதைத்ததில் கௌதம்ராஜ் ரேக்கில் போய் மோதினான். ரேக் சரிந்து புத்தகங்கள் அவன்மேல் கொட்டின. அரிவாள் தரையில் சறுக்கி வந்தது. மலைச்சாமி அதை எடுத்தான்.

மூச்சு வாங்கியபடி அவன்மேல் ஏறி உட்கார்ந்து ஓங்கினான். கௌதம்ராஜ் வலது கையைத் தூக்கினான். அப்பனைப் போலவே, உள்ளங்கை வெளியே தெரிய. மலைச்சாமி அடித்தான். ஒன்று கையில், ஒன்று தோள்பட்டையில். இரண்டுமே அரிவாளின் முதுகு. மணிக்கட்டு எலும்பு மடிகிற சத்தம் கேட்டது. தெரிந்துதான் அரிவாளைத் திருப்பிப் பிடித்தானா, எடுக்கும்போதே அப்படித்தான் கைக்கு வந்ததா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். தெரியாது என்றுதான் அவன் சொன்னான். ஆஸ்பத்திரியில், போலீஸில், மாரீஸ்வரியிடம், எல்லாரிடமும் அதையே சொன்னான். அது உண்மையும்கூட.

மூன்றாவது அடி விழவில்லை. அரிவாளைத் தள்ளிவிட்டு இறங்கி, தோளைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தான். ரத்தம் விரலிடுக்கு வழியாக இறங்கிச் சிதறிக் கிடந்த புத்தகங்களுக்குள் போனது. கௌதம்ராஜ் கையை உதறிக்கொண்டு துடித்தான்.

"ஆட்டாதல" என்றான் மலைச்சாமி. "ஆட்டுனா எலும்பு உள்ள கிழிச்சிரும்." மகாலட்சுமியைப் பார்த்து, பேப்பரைச் சுருட்டி அவன் கைக்குக் கீழே வைத்துக் கட்டச் சொன்னான். அவர் அன்றைய தினசரிகள் இரண்டைச் சுருட்டித் தன் துப்பட்டாவால் கட்டினார். கட்டி முடிப்பதை மலைச்சாமி பார்த்தானா என்று தெரியவில்லை. நினைவு தப்பிவிட்டது.

தோளில் இருபத்திரண்டு தையல், விலாவில் பதினேழு. கௌதம்ராஜை ரிமாண்ட் செய்தார்கள். ஆவுடையப்பன் ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்றார். அவர்கள் பையன்மேலும் கேஸ், நம்மேலும் கேஸ். பாண்டிதுரையும் நீயும் சாட்சியை மாற்றிச் சொல்லிவிட்டால், பையனும் நீயும் வீட்டுக்குப் போகலாம். மலைச்சாமி சரி என்றான். ஆள் போனது. பாண்டிதுரை மறுத்துவிட்டார். என் மகன் செய்ததற்கு அவன் அனுபவிக்கட்டும், என் கையை அறுத்தவன் அதற்கு அனுபவிக்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

பங்குனியில் விசாரணை தொடங்கியது. ஆவுடையப்பன் பாண்டிதுரையைக் கூண்டில் நிறுத்தி ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தார். பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவர்தானே, சண்டைக்குப் பழகினவர்தானே, மம்பட்டியை எப்படி ஓங்கினீர்கள் என்று கேட்டார். ஓங்கவில்லை என்றார் பாண்டிதுரை. அப்படியானால் எப்படிப் பிடித்திருந்தீர்கள், கோர்ட்டாருக்குக் காட்டுங்கள் என்றார் வக்கீல். பாண்டிதுரை பைக்குள்ளிருந்து கையை எடுத்துத் தூக்கினார். கட்டைவிரலும் விறைத்துப்போன ஆள்காட்டி விரலும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. காட்ட முடியவில்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆவுடையப்பன் பொய்யர் என்ற சொல்லை மூன்று தடவை, பணிவாகச் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் நீதிபதி மலைச்சாமியைக் கேட்கும் முறை வந்தது. சாட்சிகள் சொன்னதைப் பற்றி என்ன சொல்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லாவற்றுக்கும் பொய் என்று சொல் என்பது வக்கீலின் கட்டளை. முதல் இரண்டுக்கும் பொய் என்றான். மம்பட்டியைப் பற்றிக் கேட்டபோது வக்கீல் பக்கம் திரும்பாமல் நீதிபதியையே பார்த்தான்.

"மம்பட்டி அவிய கையில இல்லைங்கய்யா. வரப்புல சாச்சு வச்சிருந்தாக" என்றான். "வெறுங்கையாத்தான் நின்னாக."

ஆவுடையப்பன் எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். யோசித்துப் பேசு, இது உனக்கே எதிராகப் போகும் என்று எச்சரித்தார்.

"தெரியுங்கய்யா. மூணாவது வெட்டு கழுத்துக்குத்தான் ஓங்குனேன். கால் வழுக்கிருச்சு. வழுக்கலேன்னா அண்ணன் இன்னிக்கு இல்ல."

கோர்ட் முடிந்து வராந்தாவுக்கு வந்தபோது ஆவுடையப்பன் முகங்கொடுக்காமல் போய்விட்டார். பாண்டிதுரை எதிரே வந்தார். மலைச்சாமி நின்றான். ஏதோ சொல்வார் என்று நினைத்தான். பாண்டிதுரை இடது கையால் ஓங்கி அறைந்தார். பழகாத கை, கன்னத்தில் படாமல் கழுத்திலும் தாடையிலுமாக விழுந்தது. திரும்பவும் அறைந்தார். மூன்றாவது தடவை மூக்கில் பட்டு ரத்தம் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு நிலைகொள்ளாமல் ஆடியது. மலைச்சாமி கையைத் தூக்கவில்லை. ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. போலீஸ்காரர்கள் ஓடிவந்து பாண்டிதுரையைத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

ஏழு வருஷம் கடுங்காவல் விழுந்தது. தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்னால் கடைசியாக நூலகத்துக்குப் போனான். தரையைக் கழுவிச் சுத்தம் செய்திருந்தார்கள். சிமென்ட்டில் ஓரிடத்தில் மட்டும் கறை போகவில்லை. ரத்தம் ஊறிய புத்தகங்களை மொட்டைமாடியில் காயவைத்து, ஒட்டிக்கொண்ட ஒன்பதைக் கழித்துக்கட்ட மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக மகாலட்சுமி சொன்னார். பனிமலைப் பயணப் புத்தகமும் அதில் ஒன்று. இனி வர மாட்டேன் என்றான். அவர் சரி என்றார். கொஞ்சம் கழித்து, அன்றிலிருந்து மூன்று மணி ஆனால் தனக்குக் கை நடுங்குவதாகவும், மாற்றல் கேட்டிருப்பதாகவும் சொன்னார். கையெழுத்துக்கு நேரமாகிவிட்டது என்று மலைச்சாமி கிளம்பினான்.

கௌதம்ராஜ் இப்போது ஜாமீனில் இருக்கிறான். கை ஒட்டிவிட்டது, வேலைக்குப் போகிறான். அவன் கேஸ் நடக்கிறது. அதில் சாட்சி சொல்ல மலைச்சாமியை ஜெயிலிலிருந்து வேனில் கூட்டிப்போக வேண்டியிருக்கும்.

ஜெயிலில் நூலக வேலை கேட்டுப் பார்த்தான். தறிக்கூடத்தில் போட்டார்கள். தோள் முன்போல உயரவில்லை, ஆனாலும் நெய்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாசிக்கப் புத்தகம் தருகிறார்கள். தேனீ வளர்ப்பு, புராணக் கதை, யாரோ ஒரு டாக்டரின் சுயசரிதை என்று வந்ததை வாசிக்கிறான்.

மாரீஸ்வரி மாதம் ஒருமுறை வருவாள். போன மாதம் வந்தவள், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, தோப்பு நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே வந்து, இடையில் நிறுத்தினாள்.

"புதன்கிழமை முறைய அவியளுக்கு விட்டுக்குடுத்துட்டேன்" என்றாள். "எழுதிக் குடுக்கல. வாயால சொல்லிட்டேன்."

"என்னயக் கேக்காமயா?"

"ஆமா."

மலைச்சாமிக்குக் காதுக்குள் ரத்தம் இரைந்தது. அப்பன் பங்கு. அவன் விரல்கள் வலைக்குள் நுழைந்து இறுக்கிப் பிடித்தன, நகக்கண்ணெல்லாம் வெளுத்தது. தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் அந்தப் பழைய சூடு இறங்கியதை அவனால் அப்படியே பின்தொடர முடிந்தது. மாரீஸ்வரி பின்னால் நகரவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வேறு யாரோ தன் மகளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நேரம் ஆகிறது என்று வார்டர் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

விரல்களை ஒவ்வொன்றாக வலையிலிருந்து எடுத்தான்.

"மாமரம் பூத்திருக்கா?" என்று கேட்டான்.

"பூத்திருக்கு. ஆனா மழ வந்தா கொட்டிரும்" என்றாள் மாரீஸ்வரி.